மலையூரா, சமவெளியா? இத்தாலியில் குடியேற ஊர் தேடிய கதை

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பலான ‘சான் ஃபெர்னாண்டோ’ 2024 ஜூலை 11 அன்று வந்து சேர்ந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பிறகு இங்கு வந்துபோகும் பெருங்கப்பல்களில் பெரும்பாலானவற்றின் பக்கவாட்டில் எம்.எஸ்.சி. என்ற மூன்றெழுத்து காணப்படும். அந்நிறுவனத்தை 1970இல் தொடங்கியவர் இத்தாலியின் சொரெண்டோ கரையோரத்தில் பிறந்தவர் என்பதை எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர்தாம் எங்களுக்குச் சொன்னார். கப்பல்களைப் பற்றி அறியவேண்டும் என்பதற்காக அவர் இத்தாலியைப் பற்றிப் படிக்கவில்லை. அங்கே குடியேறுவதற்காகப் படித்துக்கொண்டிருந்தார்.

குமரி மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, விழிஞ்ஞத்தில் வீடு கட்டி முப்பது ஆண்டுகளாக வாழும் தமிழ்க் குடும்பம் அது. ஐயா வளைகுடாவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துத் திரும்பியவர், வயது அறுபத்தேழு. அம்மா நடுவண் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். மகள் இத்தாலியின் வடபகுதியில், எமிலியா-ரொமாஞ்ஞா மாநிலத்து நகரொன்றில் செவிலியர். ஐயாவின் பெயரில் இரண்டு கட்டடங்கள் உண்டு. துறைமுகப் பணிகள் தொடங்கிய பிறகு அவற்றுக்கு நல்ல வாடகை வருகிறது. இவ்வளவுக்கு மேல் அடையாளம் சொல்வது வங்கியாளருக்கு அழகன்று. இவ்வளவையும் எழுத அவர்களே இசைவு தந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமைக் காலையில் இருவரும் வந்து, நிரந்தர வைப்புகளை முதிர்வுக்கு முன்பே முடித்து 80 லட்சம் ரூபாயை இத்தாலிக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். மே மாதம் மகளைப் பார்க்கப் போனபோது தெற்கே மோலிசே மாநிலத்தில் ஒரு மலையூரைக் கண்டிருக்கிறார்கள். கல்லால் கட்டிய வீடு, பள்ளத்தாக்கை நோக்கிய முற்றம், பின்புறம் ஆலிவ் மரங்கள். வீட்டின் விலையும் பழுதுபார்ப்பும் சேர்த்து 80,000 யூரோவுக்குள் முடிந்துவிடும் என்று தரகர் சொல்லியிருந்தார். விழிஞ்ஞத்தில் இன்று அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஐயா கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். அம்மா படங்களைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

“வீடு எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது, சார். ஆனால் அந்த ஊரில் மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று நான் பார்க்காமல் வந்துவிட்டேன்.”

படிவத்தை நிரப்பிப் பணத்தை அனுப்புவது எங்களுக்கு அரை மணி நேர வேலை. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தின் பொருட்டு, இரண்டு வாரம் பொறுக்கும்படி ஐயாவைக் கேட்டுக்கொண்டோம். அவர் சற்றே மனத்தாங்கலுடன் ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு வாரங்களில் நாங்களும் அவர்களும் மகளும் ஒரு பட்டயக் கணக்காளரும் சேர்ந்து தெரிந்துகொண்டவையே இக்கட்டுரை. பிள்ளைகள் வெளிநாட்டில் வேர்விட்டு, தாமும் அங்கே போய்விடலாமா என்று எண்ணும் பெற்றோர் இந்தக் கரையில் பலர் இருக்கிறார்கள்.

முதலில், எந்த வழியில் போய் வாழ்வது என்ற கேள்வி. மகள் அங்கே இருப்பதால் குடும்ப இணைவு அனுமதியில் போய்விடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இத்தாலியச் சட்டம் பெற்றோருக்கு அவ்வளவு எளிதாக இடம் தருவதில்லை. தாய்நாட்டில் வேறு பிள்ளைகள் இல்லாத, மகளின் ஆதரவில் வாழும் பெற்றோர் அவ்வழியில் விண்ணப்பிக்கலாம். வேறு பிள்ளை இருந்தால், பெற்றோர் 65 வயதைக் கடந்திருக்கவேண்டும். அந்தப் பிள்ளை கடுமையான உடல்நலக் குறைவால் அவர்களைத் தாங்க இயலாதவர் என்பதையும் மெய்ப்பிக்கவேண்டும். திருவனந்தபுரத்து மகன் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார். இந்த விதியைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, “இதற்காக நான் படுத்துக்கொள்ள முடியாது” என்றாராம்.

எஞ்சியது ‘ரெசிதென்ஸா எலெத்தீவா’ என்னும் விருப்ப வதிவிட விசா. வேலை செய்யாமலே வாழ வருவாய் உள்ளவர்களுக்கானது இது. ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ, இணையர் என்றால் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டவேண்டும். யூரோவுக்கு நூறு ரூபாய் என்று எளிய கணக்கு வைத்தால் இருவருக்கும் ஆண்டுக்கு 37, 38 லட்சம் ரூபாய். அந்த வருவாய் ஓய்வூதியம், வாடகை, முதலீட்டு வருமானம் ஆகியவற்றிலிருந்து தொடர்ந்து வருவதாக இருக்கவேண்டும். சம்பளம் கணக்கில் சேராது. அங்கிருந்தபடியே இணையவழியில் வேலை பார்ப்பதற்கும் இடமில்லை. வைப்பில் பெருந்தொகை இருக்கிறதே என்று காட்டினால் மட்டும் போதாது. தூதரகத்துக்கு இதில் தன்முடிவு அதிகாரம் உண்டு என்பதால், குறைந்த அளவைத் தொட்டு நிற்பவர்கள் நம்பிக்கையை அடக்கி வைப்பது நல்லது. எங்கள் வாடிக்கையாளர்கள் வாடகையையும் ஓய்வூதியத்தையும் சேர்த்து அந்த அளவைச் சற்றே தாண்டினார்கள். அரசு ஓய்வூதியம் மட்டுமே உள்ள நம் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்த விசா எட்டாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும்.

இனி ஊருக்கு வருவோம். அந்த மலையூரை ஏன் தேர்ந்தீர்கள் என்று கேட்டதற்கு ஐயா மூன்று காரணம் சொன்னார்: அழகு, விலை, வரி. அழகைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதியில்லை. விலை மலிவாக இருப்பதன் காரணத்தைப் பிறகு பார்ப்போம். வரிதான் அவருடைய துருப்புச் சீட்டு.

2019 முதல் இத்தாலி ஒரு சலுகை தருகிறது. வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுபவர் சிசிலி, சார்தீனியா, கலாப்ரியா, கம்பானியா, பசிலிக்காத்தா, புலியா, மோலிசே, அப்ருத்ஸோ ஆகிய தென்மாநிலங்களின் சிற்றூர்களில் குடியேறினால், அவருடைய வெளிநாட்டு வருமானம் அனைத்துக்கும் 7 விழுக்காடு மட்டும் வரி. பத்து வரியாண்டுகள் வரை இது கிடைக்கும். தொடக்கத்தில் 20,000 பேருக்கு மேற்படாத ஊர்கள் என்று வரம்பு வைத்தார்கள். சலுகை இல்லாதவருக்கு முதல் 28,000 யூரோ வரை 23 விழுக்காடு, அதற்கு மேல் இன்னும் கூடுதல். ஆண்டுக்கு 38,000 யூரோ வருமானத்தில் இந்த வேறுபாடு பல லட்சம் ரூபாய். வணிகவியல் படித்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கும் கண் விரிந்தது.

பட்டயக் கணக்காளர் சட்டத்தின் சொற்களை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். சலுகை, வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுபவருக்கு உரியது. அம்மாவுக்கு ஓய்வூதியம் இருக்கிறது. ஐயாவுக்கு இல்லை, வளைகுடாவில் அவர் பெற்றது பணிக்கொடை, அது எப்போதோ கட்டடமாகிவிட்டது. வாடகை முழுவதும் அவர் பெயரில் வருகிறது. கணவனும் மனைவியும் அங்கே தனித்தனி வரிதாரர்கள். ஆக, வருமானத்தின் பெரும்பகுதிக்கு 7 விழுக்காடு என்ற பேச்சே எழவில்லை. அம்மாவின் அரசு ஓய்வூதியமோ, இந்திய-இத்தாலிய இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் பிற ஓய்வூதியங்களினின்று வேறாகக் கருதப்படுவது. எந்தச் சலுகைக்காக ஊரைத் தேர்ந்தாரோ அந்தச் சலுகை வீட்டின் சின்ன வருமானத்துக்கு மட்டுமே பொருந்தி நின்றது.

இதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. இத்தாலியின் வரி வதிவாளர் ஆகிவிட்டால், அவருக்கு இந்தியாவிலுள்ள கட்டடங்களுக்கும் அங்கே ஆண்டுதோறும் ஒரு சொத்து வரி உண்டு. ‘இவியே’ என்று பெயர். 2024 முதல் 1.06 விழுக்காடு. வெளிநாட்டு வைப்புகள், முதலீடுகள் மீது தனியே 0.2 விழுக்காடு. விழிஞ்ஞத்துக் கட்டடத்துக்கு ரோமாபுரிக்கு வரி கட்டுவதா என்று ஐயா கேட்டார். ஆம் என்பதே விடை. 7 விழுக்காட்டுத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு இது விலக்கு. ஐயாவோ அதில் சேர முடியாதவர். இந்த வரியைக் குறிப்பிடும் தமிழ்க் காணொளி எதையும் அவர் கண்டதில்லை. நாங்களும் கணக்காளர் சொல்லித்தான் அறிந்தோம்.

வரிக் காரணம் கழிந்தபின் மலிவு விலை மிஞ்சியது. இத்தாலியில் ஏறத்தாழ 7,900 ஊராட்சிகள் உள்ளன, ‘கோமூனே’ என்பார்கள். அவற்றில் 5,500க்கும் மேற்பட்டவற்றில் ஐயாயிரம் பேர்கூட இல்லை. பிள்ளைகள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிசிலியின் சலேமியில் 2008இல் எழுந்த ‘ஒரு யூரோ வீடு’ என்ற யோசனை, பிறகு முசொமேலி, சம்பூக்கா போன்ற ஊர்களின் வழியாக உலகச் செய்தியாயிற்று. ஒரு யூரோ என்பது தொடக்க விலை மட்டுமே. குறித்த காலத்துக்குள், பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில், வீட்டைச் செப்பனிட்டாக வேண்டும். அதற்குப் பிணையாகப் பல ஊர்களில் 5,000 யூரோ அளவில் வைப்பு கட்டவேண்டும். செப்பனிடும் செலவு வீட்டைப் புதிதாகக் கட்டும் செலவை நெருங்குவதும் உண்டு. இளைஞர்களுக்கு இது ஒரு துணிகரச் செயலாக இருக்கலாம். அறுபத்தேழு வயதில் அயல்மொழிக் கொத்தனாருடன் மல்லுக்கு நிற்பது வேறு வகை.

இத்தாலிய அரசே தன் ஊர்களை அளக்க ஓர் அளவுகோல் வைத்திருப்பதை இந்தத் தேடலில்தான் கண்டோம். எங்களை மிகவும் கவர்ந்தது அதுவே. 2014இல் வகுத்த ‘உள்பகுதிகள்’ திட்டத்தில், ஓர் ஊரின் நிலையை அதன் மக்கள்தொகையாலோ வருமானத்தாலோ அவர்கள் மதிப்பிடவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை, முழுமையான மேல்நிலைப் பள்ளிகள், ஓரளவு பெரிய இரயில் நிலையம் ஆகிய மூன்றும் உள்ள ஊரை மையமாகக் கொண்டார்கள். அந்த மையத்துக்குச் சாலைவழி எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டார்கள். 20 நிமிடத்துக்குள் என்றால் மையத்தை ஒட்டிய ஊர். 20 முதல் 40 வரை இடைநிலை. 40 முதல் 75 வரை விளிம்பு. 75 நிமிடத்துக்கு மேல் கடைக்கோடி விளிம்பு.

மகளை அழைத்து, மலையூரை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு மலைப்பாதையில் 55 நிமிடம். அதுவும் பனி இல்லாத நாளில். ஊரில் மருந்துக்கடை இருக்கிறது. வாரத்தில் சில நாள் திறக்கும். குடும்ப மருத்துவர் பக்கத்து ஊரிலிருந்து வந்துபோகிறார். பேருந்து காலையில் ஒன்று, பள்ளி விடும் நேரத்தில் ஒன்று; ஞாயிற்றுக்கிழமை இல்லை. செவிலியரான மகளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தொலைபேசியில் அவர் குரல் மாறியது. “அப்பாவுக்கு இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. அதை யாரும் தரகரிடம் சொல்லவில்லையா?”

அந்தச் செய்தி எங்களுக்கும் புதியது. வைப்புக் கணக்கு விண்ணப்பத்தில் அதற்கான கட்டம் இல்லை.

ஐயா உடனே தளரவில்லை. கார் வாங்கிக்கொள்வேன் என்றார். வளைகுடாவின் நெடுஞ்சாலைகளில் ஓட்டிப் பழகிய கை. இங்கும் ஒரு விதி குறுக்கே வந்தது. இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பன்னாட்டு அனுமதியுடன் இத்தாலியில் வதிவிடம் பதிந்த நாளிலிருந்து ஓராண்டு வரையே பயன்படுத்தலாம். சில நாடுகளின் உரிமங்களை மாற்றித் தரும் ஏற்பாடு இத்தாலிக்கு உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே புதிதாகத் தேர்வெழுதவேண்டும். எழுத்துத் தேர்வு இத்தாலிய மொழியில். எல்லைப்புறச் சிறுபான்மையினருக்காகப் பிரெஞ்சும் ஜெர்மனும் உண்டு, ஆங்கிலம் இல்லை. கார் இல்லாமல் மலையூரில் வாழ்வது, படகில்லாமல் தீவில் வாழ்வதற்கு ஒப்பானது. நகர எல்லையைத் தாண்டி நாட்டுப்புறம் நாடுவோர் வீட்டுக்கு முன்பாக இதைத்தான் முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். விழிஞ்ஞத்தில் மின்விசிறியை நிறுத்தும் மாதமே குளிர்காலம். இத்தாலியில் 1993 முதல் ஒவ்வோர் ஊரும் குளிரின் அளவால் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு மண்டலங்களில் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது. எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி நேரம் வீட்டு வெப்பமூட்டியை இயக்கலாம் என்பதே அந்த வகைப்பாட்டின் பயன். ‘ஈ’ மண்டலத்தில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு 14 மணி நேரம். ‘எஃப்’ மண்டல மலையூர்களுக்குக் கட்டுப்பாடே இல்லை. அந்த அளவுக்குக் குளிர். ஐயா கண்ட ஊர் தெற்கில் இருப்பினும் உயரத்தால் ‘ஈ’ மண்டலம். தெற்கு என்றால் வெப்பம் என்ற நம் கணக்கு மலையில் செல்லாது. ஊரின் பெயரைக் கொடுத்தால் மண்டலம் எது என்பது எளிதாகத் தெரிந்துவிடும். அதைப் போலவே நிலநடுக்க அபாயத்தின்படியும் எல்லா ஊர்களும் ஒன்று முதல் நான்கு வரை வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஒன்று மிகக் கடுமை. 2009இல் லாக்குயிலாவும் 2016இல் அமத்ரீச்சேயும் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தது அப்பென்னைன் மலைத்தொடரில்தான். பழைய கல்வீட்டுக்கு விலை பேசுபவர் இந்த எண்ணைக் கேட்டுவிட்டுப் பேசுவது நலம்.

இந்த இடத்தில் நம் கரையின் வழக்கமொன்று அம்மாவுக்கு நினைவு வந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பொங்கும்போது, அக்கம்பக்கத்துக் கடற்கரைகளில் படகிறக்க முடியாது. அந்த ஊர்களின் படகுகளும் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்கே வந்து சேரும். மார்கழி, தை மாதங்களில் எல்லாக் கரையும் துறைதான்; ஆடியில் ஏறமுடிகிற கரை எது என்று மீனவர் பார்க்கிறார்கள். “நாம் அந்த ஊரை மே மாதத்தில்தானே பார்த்தோம்” என்று அம்மா மெதுவாகச் சொன்னார். ஐயா பதில் சொல்லவில்லை. அன்று மாலை வைப்பு ரசீதுகளை எங்கள் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு வேலை விரைந்தது. இத்தாலிய நாட்டுப்புறத்தில் நம்மவர் முன்பே குடியேறி வாழும் இடங்களை மகள் திரட்டினார். வாசகர்கள் பலரும் அறியாத செய்தி இது: போ ஆற்றுச் சமவெளியின் மாட்டுப் பண்ணைகளில் பஞ்சாபியர் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். புகழ்பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்கான பாலைக் கறப்பவர்களில் சீக்கியர் கணிசமானோர். நொவெல்லாரா என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டு முதல் பெரிய குருத்வாரா இருக்கிறது. வேலை இருந்த இடத்தில் தங்கி, வாடகைக்கு இருந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பிறகுதான் பலர் வீடு வாங்கினார்கள். தமிழர் என்று பார்த்தால் சிசிலியின் பலேர்மோ நகரில் இலங்கைத் தமிழர் சமூகம் ஒன்று உண்டு. பெல்லெகிரீனோ மலைமேலுள்ள புனித ரொசாலியா குகைக் கோயிலுக்கு அவர்கள் ஏறிச்செல்வது அந்நகரின் வழக்கமான காட்சிகளுள் ஒன்றாகிவிட்டது; அவர்களில் இந்துக்களும் உண்டு. வேளாங்கண்ணியை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. பலேர்மோ என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் மகளோ வடக்கே; இடையில் கடலும் முழு இத்தாலியும்.

இறுதியில் அவர்கள் எமிலியாவின் சமவெளியில், மகளின் நகரத்துக்கு இரயிலில் 25 நிமிடத் தொலைவில் ஒரு சிற்றூரைத் தேர்ந்தார்கள். வாடகை வீடு, இரண்டாம் மாடி, மின்தூக்கி உண்டு. பள்ளத்தாக்கு இல்லை, ஆலிவ் இல்லை. குளிர்காலத்தில் மூடுபனி நாட்கணக்கில் விலகாது, கோடையில் கொசு நம்மூரைத் தோற்கடிக்கும். அங்கேயும் 2012 மே மாதத்தில் நிலம் குலுங்கிப் பலர் இறந்திருக்கிறார்கள். குறையில்லாத ஊரென்று சொல்லி யாரும் அவர்களை அனுப்பவில்லை. மருந்துக்கடை நான்கு நிமிட நடை, இரயில் நிலையம் பத்து நிமிட நடை என்பது மட்டும் வாடகை ஒப்பந்தம் எழுதுமுன் மகள் நடந்து அளந்து சொன்னது.

வீடு வாங்காமல் வாடகைக்குப் போனதில் வங்கிக் கணக்கிலும் ஒரு நன்மை விளைந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்வது எங்கள் கடமை. இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்கவும் அது செல்லும். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படும் தொகைக்கு 20 விழுக்காடு டி.சி.எஸ். வசூலிக்கவேண்டும், கல்வி, மருத்துவச் செலவுகளுக்கு மட்டும் குறைந்த விகிதம். ஐயா ஒருவர் கணக்கிலிருந்து 80 லட்சம் அனுப்பியிருந்தால் 70 லட்சத்துக்கு 14 லட்சம் ரூபாய் அன்றே கைவிட்டுப் போயிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ஈடு செய்துகொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் உறங்கும். விகிதங்கள் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாறக்கூடியவை. அனுப்பும் நாளில் கிளையில் கேட்டுக்கொள்க.

அவர் அங்கே குடியேறிய பிறகு இந்தியச் சட்டத்தின்படி வெளிநாடுவாழ் இந்தியர். அப்போது அவருடைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும், இது விருப்பத்தைப் பொறுத்ததன்று, சட்டப்படி கட்டாயம். பழைய நிரந்தர வைப்புகள் முதிரும்வரை தொடரும். அந்த என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து, உரிய வரிகளைச் செலுத்தி, பட்டயக் கணக்காளர் சான்றுடன் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். அது எல்.ஆர்.எஸ். வழியன்று என்பதால் அந்த 20 விழுக்காடும் இல்லை. அதே வீட்டை ஓராண்டு கழித்து வாங்கினாலும் நட்டமில்லை என்று இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோதுதான் ஐயா முதன்முறையாகச் சிரித்தார்.

வாங்கும் உரிமையிலும் ஒரு முடிச்சு இருந்தது. இத்தாலியில் வதிவிட அனுமதி பெறாத வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்குப் பரஸ்பர விதி பொருந்தும். அதாவது இத்தாலியர் நம் நாட்டில் அவ்வாறு வாங்க முடியுமா என்று பார்ப்பார்கள். வெளிநாட்டில் வாழும், இந்திய வம்சாவளியல்லாத அயல்நாட்டவர் இங்கே நிலமோ வீடோ வாங்க நம் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே முதலில் விசா, பிறகு அங்கு இறங்கிய எட்டு வேலைநாட்களுக்குள் அஞ்சலகம் வழியாக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம், அந்த அட்டை கைக்கு வந்தபின் வீடு என்ற வரிசையே பாதுகாப்பானது. முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு வாங்க இயலாமற்போனால் முன்பணத்தை இழக்க நேரும். அங்கே விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் தரவேண்டும், வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்தது போயிற்று.

இங்கே விட்டுச் செல்வனவற்றையும் ஒழுங்குபடுத்தவேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை செலுத்துபவர் மூலத்திலேயே உயர்விகிதத்தில் வரி பிடித்துச் செலுத்தவேண்டும். ஐயாவின் வாடகைதாரர்களுக்கு இது தெரியாது. நாங்கள் எழுதிக் கொடுத்தோம். மருத்துவத்துக்கு இத்தாலியப் பொதுநலத் திட்டத்தில் விருப்ப உறுப்பினராகச் சேரலாம். 2024 முதல் ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 யூரோ. இருவருக்கு நான்கு லட்சம் ரூபாய் என்பது கசக்கும் தொகை. ஸ்டென்ட் வைத்தவருக்குத் தனியார் காப்பீட்டில் கிடைக்கும் விலையைப் பார்த்தபின் அதுவே மலிவு என்று மகள் முடிவு செய்தார்.

அவர்கள் செப்டம்பரில் புறப்பட்டார்கள். 80 லட்சமும் எங்கள் கிளையிலேயே இருக்கிறது. விழிஞ்ஞத்து வீட்டை வாடகைக்கு விடவில்லை. அம்மா அதற்கு ஒப்பவில்லை. சாவி மகனிடம்.

நவம்பரில் அம்மாவின் ஆயுள் சான்று மிலான் நகரிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் முத்திரையுடன் வந்து சேர்ந்தது. உடன் ஒரு தாளில் அவர் கையெழுத்து. ஊரில் பஞ்சாபிக் கடை ஒன்று இருப்பதாகவும், அங்கே பச்சைமிளகாயும் கொத்துமல்லியும் கிடைப்பதாகவும், தேங்காய்க்கு மட்டும் நகரத்துக்குப் போகவேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார். ஐயா காலையில் நிலையம்வரை நடந்து, இரயில் வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாராம். பனிமூட்டத்தில் இரயில் தெரிவதில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது என்றும், மலையூர் வீடு இன்னும் விற்கவில்லை என்று தரகர் மாதம் ஒருமுறை எழுதுகிறார் என்றும், அடுத்த ஜனவரியில் ஒரு வாரம் அங்கே போய்த் தங்கிப் பார்க்கலாம் என்று ஐயா சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் அத்தாள் முடிகிறது.